எங்கள் வீடு நல்ல வீடு அல்ல என்று சான்று வழங்க வேண்டுதல்

அனுப்புநர்:
துணி தைப்பவர்,
தகரக் கூரை போட்ட மாடி வீடு,
போட்டோ ஸ்டுடியோவுக்கு அடுத்தது.

பெறுநர்:
மண்டல மேலாளர் அவர்கள்,
வீட்டு மின்சிக்கன மேம்பாட்டுத் திட்ட அலுவலகம்.

பொருள்: எங்கள் வீட்டுக்கு வழங்கிய எண்பத்தெட்டு மதிப்பெண்ணைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வீட்டை உள்ளது உள்ளபடி மறுபடி அளந்து, கூரை மானியத்துக்குப் பரிசீலிக்கக் கோருவது சம்பந்தமாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகம் வழங்கிய 'மிக நன்று' சான்றிதழ்.
2. அதே அலுவலகம் அனுப்பிய நிராகரிப்புக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். மதிப்பெண் அதிகமாகக் கிடைத்துவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த முதல் ஆள் நான்தான் என்று தங்கள் அலுவலக எழுத்தர் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். நான் அழவில்லை. அன்று தங்கள் அலுவலகத்தில் ஏசி பழுதாகியிருந்தது. நான் துடைத்தது வியர்வை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, மின்சிக்கனம் என்றே எடுத்துக்கொண்டேன். வாயால் சொன்னது அங்கே எடுபடாததால் எழுத்தில் தருகிறேன். கொஞ்சம் நீளும். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

2. வீட்டில் நாங்கள் மூவர். நான் கீழே முன்னறையில் துணி தைக்கிறேன். என் கணவருக்கு பேக்கரியில் இரவு வேலை. ரொட்டி அடுப்பு அவர் பொறுப்பு. வீடு என் மாமனார் பெயரில் இருக்கிறது. அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவரை 'செக்கிங்' என்றுதான் சொல்வார்கள், அவர் காதில் விழாமல். ஊரெல்லாம் எழுந்து பல் துலக்கும்போது என் கணவர் வீட்டுக்கு வந்து படுப்பார். அவருக்குப் படுக்க இடம் மாடியில் உள்ள ஒரே அறை. கீழே படுக்கக் கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். முன்னறையில் என் மெஷின் ஓடும். அளவு கொடுக்க வரும் பெண்கள், நடுவில் ஒரு ஆண்பிள்ளை போர்த்திக்கொண்டு கிடந்தால் வாசலோடு திரும்பிவிடுவார்கள். அவர்கள் திரும்பினால் எங்கள் அடுப்பு எரியாது. சமையலறையிலோ கால் நீட்ட இடமில்லை.

3. அந்த மாடி அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே தகரம். ஜன்னல்கள் மூன்று. மரச்சட்டங்கள் வளைந்துவிட்டதால் சாத்தினாலும் சாத்தாத மாதிரிதான். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே என் துணி வெட்டும் கத்தரிக்கோல் முழுதாக நுழையும், நுழைத்துப் பார்த்திருக்கிறேன். மத்தியானம் அந்த இடுக்குகள் வழியே அனல் உள்ளே வரும். ஃபேனைப் போட்டால் தகரத்தின் சூட்டை இறக்கி ஆளின் மேல் கொட்டும், போடாவிட்டால் மூச்சு முட்டும். என் கணவர் ஈரத் துண்டை மார்பில் போட்டுக்கொண்டு படுப்பார். துண்டு காய்ந்ததும் விழித்துவிடுவார். இரவெல்லாம் அடுப்புக்கு முன்னால் நிற்கிறவர் பகலெல்லாம் அடுப்புக்கு உள்ளே படுக்கிறார் என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, 'அங்க சம்பளமாவது தராங்க' என்றார். இந்த மனுவில் மானியம், வரி என்றெல்லாம் பேச்சு வரும். நான் கேட்பது என் கணவருடைய தூக்கம். அதை மட்டும் தாங்கள் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

4. தங்கள் திட்டத்தின் துண்டுப் பிரசுரம் வீட்டுக்கு வந்தது. வீட்டை இலவசமாக அளந்து நூற்றுக்கு மதிப்பெண் போடுவோம், மதிப்பெண்ணுக்கு ஏற்றபடி மானியம் வழங்கப்படும் என்று அதில் இருந்தது. மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்துவிட்டு, 'தொண்ணூறாவது வாங்கணும்' என்றார். மதிப்பெண் கூடக் கூட மானியமும் கூடும் என்று அவர் புரிந்துகொண்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். கெட்டுக் கிடக்கும் வீட்டுக்குத்தான் பணம் என்ற செய்தி பின்பக்கத்தில் கடைசி வரியில் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சாகியிருந்தது. அந்தப் பக்கத்தில் நான் அதற்குள் ஒரு வாடிக்கையாளரின் கை அளவைக் குறித்து வைத்துவிட்டேன்.

5. அளக்கிறவர் வரும் நாளன்று நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். விடிந்ததும் மாமனார் என்னிடம் கிழிந்த துணிகள் கேட்டார். தையற்காரி வீட்டில் அதற்குப் பஞ்சமா. மூட்டையோடு கொடுத்தேன். ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் அவர் துணியைத் திணித்து, தோசைத் திருப்பியால் உள்ளே தள்ளி, வெளியே தெரியாமல் அதன்மேல் வெள்ளை நாடா ஒட்டினார். மாடிக் கதவின் அடியில் ஒரு பழைய போர்வையை உருட்டி வைத்தார். பிறகு தகரத்தின் மேல் பறவை எச்சம் கிடக்கிறது, வருகிறவர் ஏறிப் பார்த்தால் நம் மானம் என்ன ஆவது என்று, வயதையும் பார்க்காமல் ஏணி வைத்து ஏறி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். கழுவிய இடத்தில் மறுபடி எச்சம் விழக் கூடாதே என்று, காற்றில் பறக்காதபடி நனைத்த சாக்குகளையும் விரித்தார். யாரையும் ஏமாற்றுகிறோம் என்ற நினைப்பு எங்கள் இருவருக்குமே இல்லை. வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் வீட்டைத் திருத்தி வைப்பதுதானே முறை.

6. அதோடு நிற்கவில்லை. வேலை முடிந்து வந்த என் கணவரை, 'பட்டப்பகல்ல ஒரு ஆம்பளை கட்டில்ல கெடக்குறதப் பாத்தா வர்றவர் என்னடா நெனப்பார்' என்று பூங்காவுக்கு அனுப்பினார் மாமனார். என் கணவர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். கட்டிலைச் சுவரோரம் தள்ளி, அதன்மேல் பெட்டிகளையும் என் பழைய மெஷினையும் ஏற்றினோம். தங்கள் அலுவலகத்தின் அளவையாளர் வந்து, வாசல் கதவில் பெரிய ஃபேன் ஒன்றைப் பொருத்தி, வீட்டுக் காற்றை வெளியே இழுத்து, புகைக்குச்சியோடு ஜன்னல் ஜன்னலாகப் போனார். புகை அசையவில்லை, எங்கேயும் காற்று கசியவில்லை என்று அர்த்தம். மாமனார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கூரையின் சூட்டை அளக்கும் கருவியைத் தகரத்தை நோக்கிப் பிடித்தபோது, அளவையாளர் கருவியைத் தட்டிப் பார்த்தார், சூடு அவ்வளவு குறைவாகக் காட்டியதால் அது கெட்டுவிட்டதோ என்று. மாடி அறையில் யார் புழங்குகிறார்கள் என்று கேட்டார். மாமனார் சாமான் அறை என்று சொல்லிவிட்டார். நான் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தேன், மறுக்கவில்லை.

7. எண்பத்தெட்டு வந்தது. தெருவிலேயே அதுதான் அதிகம். மாமனார் சான்றிதழை முன்னறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி, துணி தைக்க வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். தொண்ணூறு வந்திருக்கும், சமையலறைக் குழல்விளக்கு காலை வாரிவிட்டது என்று வருத்தப்பட்டார். அடுத்த வாரம் நிராகரிப்புக் கடிதம் வந்தது. ஐம்பதுக்குக் கீழே உள்ள வீடுகளுக்கு மட்டுமே கூரை, ஜன்னல் மானியம் என்றும், எங்கள் வீடு மேம்பாடு எதுவும் தேவைப்படாத முன்மாதிரி வீடு என்றும், வாழ்த்துகள் என்றும் அதில் இருந்தது. அடுத்த வீட்டு போட்டோக்காரருக்கு முப்பத்தொன்று. அவர் வீட்டில் மூன்று ஏசி. மூன்றும் கதவைத் திறந்து போட்டபடியே ஓடும். அவருக்குக் கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கும் அட்டையும், இரட்டைக் கண்ணாடி ஜன்னலும், மூன்று புது ஏசிக்குத் தள்ளுபடியும் கிடைத்தன. 'மின்சிக்கனக் குடும்பம்' என்று ஒரு பலகையும் அவர் கேட்டில் மாட்டினார்கள். போட்டோக்காரர் நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது எங்கள் கைவண்ணம், அதற்கு அவர் என்ன செய்வார்.

8. நான் தங்கள் அலுவலகத்துக்கு வந்து வேறு வழி உண்டா என்று கேட்டேன். எழுத்தர் இரண்டு வழி சொன்னார். முதல் வழி, பழைய ஏசியைக் கொடுத்துவிட்டுப் புதியதைத் தள்ளுபடியில் வாங்குவது. எங்களிடம் பழைய ஏசி இல்லை. புதியதும் இருந்ததில்லை. இதுவரை மின்சாரத்தை வீணடிக்காத குற்றத்துக்கு இவ்வளவு தண்டனை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. போட்டோக்காரர் விஷயம் கேள்விப்பட்டு, ஓடாத ஏசி ஒன்று தன் பரணில் கிடக்கிறது, அதை எங்களுடையது என்று காட்டிக்கொள்ளுங்கள் என்றார். மாமனார், 'அடுத்தவன் டிக்கெட்ல நான் ஏற மாட்டேன்' என்று சொல்லிவிட்டார். இரண்டாவது வழி, கைக்காசைப் போட்டுக் கூரை வேலையைச் செய்து, அந்தச் செலவை வருமான வரியில் கழித்துக்கொள்வது. எங்கள் இருவர் வருமானத்தையும் சேர்த்தாலும் வரி எட்டாது. கழிப்பதற்கு வரி இல்லையே, கொஞ்சம் வரி போட்டுவிட்டுக் கழிக்க முடியுமா என்று கேட்டேன். எழுத்தர் பேனாவை மூடி வைத்துவிட்டு, 'அம்மா, வரி கட்டுற அளவுக்குச் சம்பாதிச்சுட்டு வாங்க' என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. நானும் பல வருடமாக அதற்குத்தான் முயன்றுகொண்டிருக்கிறேன்.

9. மறு அளவை கேட்டேன். மூன்று வருடம் கழித்துத்தான் என்றார். அதற்கு முன்பே வேண்டுமென்றால், அளந்த நாளில் வீடு இயல்பான நிலையில் இல்லை, அளவையாளர் தவறாக வழிநடத்தப்பட்டார் என்று வீட்டு உரிமையாளர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு அபராதமும் உண்டு என்றார். வீட்டு உரிமையாளர் என் மாமனார். தன் சொந்த மச்சானை, தங்கை கண்ணெதிரே, டிக்கெட் இல்லாததற்கு அபராதம் போட்டு நடு ஸ்டேஷனில் இறக்கிவிட்டவர் அவர். அந்தத் தங்கை பிறகு எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. அப்படிப்பட்டவரிடம் போய், ஏமாற்றினேன் என்று எழுதிக் கொடுங்கள் மாமா என்று கேட்டேன். அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். அன்றைக்கு அவர் என்னிடம் தேநீர் கேட்கவில்லை. நானும் போட்டுக் கொடுக்கவில்லை. இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். சுவரில் சான்றிதழ் மட்டும் இருந்தது.

10. இதற்கிடையில் என் கணவர் அடுப்புக் கதவருகே நின்றபடியே கண் அயர்ந்துவிட்டார். தட்டை இழுக்கும் கையோடு அப்படியே சாய்ந்ததில் முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. கட்டுப் போட்டு அனுப்பிய பேக்கரி முதலாளி கெட்டவர் அல்ல. 'வீட்டுல தூங்கிட்டு வாப்பா. இல்லன்னா வீட்டுலயே தூங்கு' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இல்லை என்பதைத்தான் அவர் அவ்வளவு பதமாகச் சொன்னார். இன்னொரு தடவை நடந்தால் வேலை போவதோடு முடியுமா என்பதுதான் என் பயம். அடுப்பின் உள்ளே ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருக்கிறது, நான் போய்ப் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து அவர் வேலைக்குக் கிளம்பியதும் நான் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன். தைத்துக்கொண்டிருக்கும் துணியில் கோடு நேராக வருவதில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு இடக்கை வைத்துத் தைத்துவிட்டேன்.

11. கட்டுப் போட்ட கையோடு மகன் மாடியேறியதைப் பார்த்த மாமனார், வெயில் என்ன பெரிய வெயில், அந்தக் காலத்தில் ரயில் பெட்டியில் நான் நிற்காத வெயிலா, இவனுக்குப் படுக்கத் தெரியவில்லை என்று என்னிடம் சொன்னார். பேச்சை நிறுத்திய பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை அது. மறுநாள் என் கணவர் கட்டு மாற்ற ஆஸ்பத்திரி போயிருந்த மத்தியான நேரம், மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்குப் போய் அந்தக் கட்டிலில் படுத்தார். எப்படிப் படுக்க வேண்டும் என்று காட்டப் போனார் என்றே நினைத்தேன். ஒரு சட்டைக்குக் காலர் வைத்து முடிக்கும் முன் இறங்கி வந்துவிட்டார். உடம்பெல்லாம் நனைந்திருந்தது. செம்பு நிறையத் தண்ணீர் குடித்தார். 'இங்கயா அவன் இத்தன வருஷம் படுக்கிறான்' என்றார். ஆமாம் மாமா என்றேன். என் மெஷினுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவர் அழுதார் என்று எழுதினால் கோபித்துக்கொள்வார். ஆகவே அவருக்கும் வியர்த்தது என்றே எழுதுகிறேன்.

12. அன்று மாலை சான்றிதழைச் சுவரிலிருந்து அவரே கழற்றினார். அதன் அசலை இத்துடன் திருப்பி அனுப்புகிறோம். மேலே உள்ள துளை ஆணி அடித்தது. பிறகு என்னிடம் பேனா வாங்கி, கீழ்க்கண்டதைத் தன் கைப்பட எழுதினார். அதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் இங்கே தருகிறேன். கையெழுத்திட்ட தாள் தனியே இணைக்கப்பட்டுள்ளது.

'மேற்படி வீட்டின் உரிமையாளரும் ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகருமாகிய நான் அறிவிப்பது. அளவை நாளன்று ஜன்னல்களில் துணி திணித்தது நான். கூரையை நனைத்தது நான். என் மகன் படுக்கும் அறையைச் சாமான் அறை என்று சொன்னதும் நான். துணி கொடுத்தது மருமகள். நான் கேட்டதால் கொடுத்தாள், அவள் மீது குற்றமில்லை. அளவையாளர் தம் கடமையைச் சரியாகச் செய்தார், அவர் மீது நடவடிக்கை கூடாது. டிக்கெட் இல்லாமல் ஏறியவன் சொன்ன காரணத்தை என் பணிக்காலத்தில் நான் ஒருநாளும் காதில் வாங்கியதில்லை. ஆகவே என் காரணத்தையும் இங்கே எழுதவில்லை. அபராதம் எவ்வளவு என்று தெரிவித்தால் நேரில் வந்து கட்டுகிறேன். ரசீது வேண்டும்.'

13. ஐயா, அவர் எழுதாமல் விட்ட காரணத்தை நான் எழுதிவிடுகிறேன். அவருக்குத் தெரிந்தால் தெரியட்டும். மகனுக்கு ஒரு நல்ல கூரை வாங்கித் தர வேண்டும் என்று ஏணி ஏறினார். அவ்வளவுதான் விஷயம். ஏறின அவசரத்தில் தன் கையாலேயே தன் பிள்ளை தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டார், கூட நின்று நானும் மண் எடுத்துக் கொடுத்தேன். அபராதத்தை அவர் கட்டுவார், அதில் தள்ளுபடி கேட்கவில்லை. அதற்குமேல் அவருடைய பெயரை ஏதாவது பலகையில் எழுதி மாட்டும் வழக்கம் தங்கள் அலுவலகத்தில் இருந்தால், அதை மட்டும் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தெருவில் அவர் இன்னும் சில காலம் நிமிர்ந்து நடக்க வேண்டும்.

14. ஆகவே, எங்கள் வீட்டின் எண்பத்தெட்டு மதிப்பெண்ணை ரத்து செய்து, மறுபடி அளக்க உத்தரவிடுங்கள். துணிகளை எடுத்துவிட்டோம், நாடாவை உரித்துவிட்டோம், கூரையில் எச்சம் பழையபடி சேர்ந்துவிட்டது. மதிப்பெண் எவ்வளவு குறைந்தாலும் நாங்கள் மனம் கோணமாட்டோம். ஏசி வேண்டாம். தகரத்துக்குக் கீழே வெப்பம் தடுக்கும் அட்டையும், ஜன்னல்களுக்குச் சாத்தினால் சாத்திக்கொள்ளும் சட்டமும் போதும். வரிக் கழிவை வரி கட்டுகிறவர்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

15. அளக்க வருகிறவரைக் காலையில் அனுப்ப வேண்டாம். வெயில் உச்சிக்கு வந்த பிறகு அனுப்புங்கள். எந்த நாள் என்று எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவும் வேண்டாம். தெரிந்தால் எங்கள் கை சும்மா இருக்காது. வாசல் திறந்தே இருக்கும், நேரே மாடிக்குப் போகலாம். என் கணவர் கட்டிலில் இருப்பார். அவர் விழித்துப் புரண்டுகொண்டிருந்தால் எழுப்பி உட்காரவைத்துவிட்டு, எந்தக் கருவியை வேண்டுமானாலும் வைத்து அளக்கட்டும். ஒருவேளை, என்றைக்கோ ஒருநாள், அவர் கண் அசந்து தூங்கிக்கொண்டிருந்தால், தயவுசெய்து அந்தப் பெரிய ஃபேனைப் பொருத்த வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கி வந்துவிடட்டும். வேறொரு நாள் அளந்துகொள்ளலாம், நாங்கள் காத்திருக்கிறோம்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
துணி தைப்பவர்

(ஒப்பம்)
வீட்டு உரிமையாளர்

நாள்: பதினான்காம் தேதி, வியாழக்கிழமை
இடம்: மேற்படி வீட்டின் முன்னறை